விரலை வெட்டாத மெஷின்

ஒரு மரவேலைப் பட்டறைக்குள் போனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வட்ட வாளைப் பார்த்ததும் விரல்கள் தானாக மடங்கும். பிளேனர் ஓடத் தொடங்கினால் ஒரு அடி பின்னால் போவோம். ஆனால் அதே பட்டறையில் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன மெஷின் இருக்கும். அதற்குப் பல்லும் இல்லை, கத்தியும் இல்லை. ஓடும்போது தெரியாமல் கை பட்டாலும் தோல் கொஞ்சம் உரசும், அவ்வளவுதான். ஓர்பிட்டல் சேண்டர். எங்கட ஊரில் எல்லாரும் சொல்வது ‘சேண்டிங் மெஷின்’.

விரலை வெட்டாது என்பதால் இந்த மெஷினுக்கு ஒரு விதி உண்டு. பட்டறையில் ஆகக் கடைசியாக வேலைக்கு வந்தவன் கைக்குத்தான் அது போகும். வாளைத் தொட விட மாட்டார்கள், அளவெடுக்க விட மாட்டார்கள். “நீ இத வச்சுத் தேச்சிட்டு இரு” என்பார்கள். அவனும் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை தேய்த்துக்கொண்டே இருப்பான்.

நானும் அப்படித்தான் தேய்த்தேன். ஏ.எல். எழுதி முடித்து யூனிவர்சிட்டி கிடைக்கும்வரை நம் நாட்டில் கிடைக்கும் அந்த நீண்ட வெறுமை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கலேவெலயில், குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ-6 வீதிக்குக் கொஞ்சம் உள்ளே, என் மாமாவுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மாமா ஓடாவி, அவருடைய வாப்பாவும் ஓடாவி. அலுமாரி, கட்டில், சாப்பாட்டு மேசை, கதவு, ஜன்னல் எல்லாம் செய்வார்கள். எனக்கு முன்னரே அங்கே ஒரு பையன் இருந்தான். வயது 17. எல்லாரும் அவனை ‘மல்லி’ என்றுதான் கூப்பிடுவோம், தம்பி என்பதற்கான சிங்களச் சொல். நான் சேர்ந்த பிறகும் தேய்ப்பு வேலையில் முக்கால்வாசி அவனுக்குத்தான் போனது. நான் முதலாளியின் மருமகன் இல்லையா.

இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சாதாரண ஓர்பிட்டல் சேண்டரின் அடித்தட்டு சதுரமாக இருக்கும். அது சுழலாது. இருந்த இடத்திலேயே மிகச் சின்ன வட்டங்களாக நடுங்கும். ‘ரேண்டம் ஓர்பிட்’ என்கிற வகைக்குத் தட்டு வட்டமாக இருக்கும், பெரும்பாலும் 5 அங்குலம். அது இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யும். ஒன்று, 2 அல்லது 3 மில்லிமீற்றர் அகலமான அந்தச் சின்ன வட்ட நடுக்கம். பல மாடல்களில் இது நிமிடத்துக்கு 12,000 தடவைவரை போகும். இரண்டாவது, தட்டு ஒரு பெயாரிங்கில் சும்மா தொங்கிக்கொண்டு தன் போக்கில் மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேரும்போது கடதாசியின் ஒரு மணல் துகள் ஒரே பாதையில் இரண்டு தடவை போகாது. அதனால் கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஆழமாகாது. கண்ணுக்குத் தெரியாமல் கலைந்துபோகும்.

தட்டு தன் போக்கில் சுற்றினால்தான் இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள். மேலிருந்து அமுக்கினால் சுற்றல் நின்றுவிடும், நடுக்கம் மட்டும் தொடரும். சத்தம் மாறாததால் வேலை நடக்கிறது என்று நினைப்போம். மரத்தில் விழுவதோ சுருள் சுருளான கீறல்கள். கடதாசி சூடாகி, தூள் இளகி மணலுக்கிடையே அப்பிக்கொள்ளும். புதுக் கடதாசியும் கொஞ்ச நேரத்தில் வழுக்கத் தொடங்கும். வழுக்குகிறதே என்று இன்னும் அமுக்குவோம்.

மாமா முதல் நாளே எனக்குச் சொன்னது இதைத்தான். “மருமகன், மெஷின்ட பாரம் போதும். ஒங்கட பாரத்த அதுல போடாதீங்க.” தட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். மெஷின் மரத்தில் ஓடும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றுவது தெரிய வேண்டும். கோடு நின்றால் கை கனத்துவிட்டது என்று அர்த்தம். இதைவிட எளிய சோதனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்தது வேகம். மரத்தைத் தேய்க்கும்போது கை தானாக அவசரப்படும், சட்டி கழுவுகிற மாதிரி. ஒரு செக்கனுக்கு ஒரு அங்குலம்தான் நகர வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் பாதியை மூடிக்கொண்டு போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு அடி நீளம், மூன்று அடி அகலமான மேசைப் பலகை என்றால் 15 வரிசை வரும். ஒரு வரிசைக்கு 72 செக்கன். எல்லாம் சேர்த்து 18 நிமிடம், அதுவும் ஒரு நம்பர் கடதாசிக்கு மட்டும். மூன்று நம்பர் போட்டால் 54 நிமிடம். ஐந்து நிமிடத்தில் முடித்தேன் என்று யாராவது சொன்னால் அந்த மேசையை வாங்காதீர்கள்.

நம்பர் என்பது கடதாசியின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண். எண் கூடக் கூட மணல் மென்மையாகும். வீட்டுத் தளபாடத்துக்கு 80, 120, 180 என்ற வரிசை போதும். பலகை ஏற்கனவே நன்றாகச் சீவியிருந்தால் 120 இல் தொடங்கலாம். 120 இன் வேலை 80 விட்ட கீறலை அழிப்பது. 180 இன் வேலை 120 விட்டதை அழிப்பது. இடையில் ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல் அடியில் அப்படியே கிடக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் பூசிய பிறகுதான் எழுந்து வரும், அப்போது அழ மட்டும்தான் முடியும். ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் முழுதாக மறைந்தால் அடுத்த நம்பர். கடைசியில் ஃபோன் டோர்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஒளிந்திருக்கும் கீறல் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். மெஷின் வேலை முடிந்ததும் கடைசி நம்பர் கடதாசியைக் கையில் எடுத்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே நாலு தரம் தேய்த்துவிட்டால் வேலை பூரணம்.

ஓடுகிற மெஷினை ஓரத்தால் சாய்த்து மரத்தில் இறக்கக்கூடாது, பள்ளம் விழும். முழுத் தட்டும் ஒரேயடியாகத் தட்டையாகப் பட வேண்டும். விளிம்புக்கு வரும்போது தட்டின் பாதிக்கு மேல் வெளியே போக விடாதீர்கள், மூலை உருண்டுவிடும். ப்ளைவுட் என்றால் இன்னும் கவனம். மேலே ஒட்டியிருக்கும் மரத்தோல் அநேகமாக ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது. 80 நம்பர் அதை நிமிடத்தில் தின்றுவிடும்.

இதுவரை சொன்னது மரத்தைப் பற்றி. இனி மூக்கைப் பற்றி.

மாமாவின் பட்டறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அஸருக்கு வுழூ எடுக்கும்போது மூக்கில் தண்ணீர் விட்டுச் சிந்துவோம் இல்லையா, அந்தத் தண்ணீர் அன்றைக்கு என்ன மரம் தேய்த்தோம் என்று சொல்லும். தேக்கு என்றால் ஒரு கபில நிறம். முதிரை என்றால் மஞ்சள். ஓடாவிமார் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். எனக்கு முதல் கிழமை அது வேடிக்கையாக இருந்தது. பிறகு, சிந்தியதில் வந்தது இவ்வளவு என்றால் சிந்தாமல் உள்ளே போனது எவ்வளவு என்று யோசித்தேன்.

மல்லிக்கு இருமல் இருந்தது. பகலில் குறைவு, இரவில் கூட. அவனுடைய அம்மா ஒரு நாள் பட்டறைக்கு வந்து மாமாவிடம் கேட்டார், பையனுக்கு நெஞ்சில் சளியா என்று. மாமா கெட்டவர் இல்லை. அவனை டிஸ்பென்சரிக்கு அனுப்பினார், சம்பளமும் வெட்டவில்லை. ஆனால் நான் தூசியைப் பற்றிப் பேச்செடுத்தபோது, “மரத்தூள்தானே மகன், சீமெந்தா? அவனுக்குப் பனி புடிச்சீக்கிது” என்றார். அவர் நாற்பது வருடமாக அதே தூசியில் நிற்கிறவர். அவருக்கு முன்னால் என் பேச்சுக்கு என்ன எடை?

யூனிவர்சிட்டிக்கு வந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருப்பது தெரிந்தது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். கதிரை செய்வதற்கே பேர் போனது, நமக்கு மொறட்டுவை மாதிரி. 1960களில் அந்தப் பகுதியில் வேலை செய்த எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மூக்குக்குள்ளே வரும் மிக அரிதான ஒரு வகைப் புற்றுநோய், அந்த ஊர்த் தளபாடத் தொழிலாளர்களிடம் வரக்கூடாத அளவுக்கு வந்துகொண்டிருந்தது. அவரும் ஒக்ஸ்ஃபோர்ட் மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து 1968 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். அடுத்த வருடமே பிரித்தானியா அதைத் தொழிலால் வரும் நோய் என்று சட்டத்தில் சேர்த்தது. 1995 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதிப் பொருட்களில் போட்டது. சிகரெட் புகையும் அஸ்பெஸ்டஸும் இருக்கும் அதே தொகுதி.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே தொகுதியில் இருப்பதால் ஆபத்தின் அளவும் ஒன்று என்று ஆகாது. இந்தப் புற்றுநோய் அரிது, பல வருடம் தூசியில் நின்றவர்களுக்கு வருவது. லீவுக்கு மூன்று மாதம் தேய்த்தவருக்கு இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். உடனே வருவது வேறு: இருமல், இழுப்பு, மூக்கடைப்பு, கண் எரிச்சல், தோல் அரிப்பு. நம்முடைய முதிரை மரத்தூள் தோலில் அழற்சி உண்டாக்குவது மருத்துவத்தில் பழைய செய்தி. தேக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் பட்டறைக்காரர்கள் இருப்பது மூன்று மாதம் இல்லையே, ஆயுள் முழுக்க. மல்லி 17 வயதில் தொடங்கியிருக்கிறான்.

பிரித்தானியாவில் இன்று கடின மரத்தூசிக்கு எல்லை, எட்டு மணிநேரச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 3 மில்லிகிராம். மூன்று மீற்றர் நீள, அகல, உயரமான ஒரு அறையில் மொத்தமாக 81 மில்லிகிராம். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எங்கட பட்டறையில் பின்னேரம் ஜன்னல் வழியே வெயில் விழும்போது அந்த ஒளிக்கற்றைக்குள் மிதப்பதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அதிலும் கண்ணுக்குத் தெரியும் தூசி பெரியது, அது மூக்கோடு நின்றுவிடும். நுரையீரல்வரை போவது கண்ணுக்குத் தெரியாதது. சேண்டர் செய்வது பெரும்பாலும் அந்த மென்தூசியைத்தான். மெஷினை நிறுத்திய பிறகும் அது மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். மாஸ்க்கை மெஷினோடு சேர்த்துக் கழற்றுவது அதனால்தான் பிழை.

நல்லது. ஆனால் 1968 ஐச் சொல்லி மாமாவை மாற்ற முடியுமா? முடியவில்லை. மாமாவை மாற்றியது ஒரு மேசை.

யூனிவர்சிட்டி லீவில் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்கு எட்டுப் பேர் அமரும் தேக்கு மேசை செய்திருந்தார். சீலர் அடித்து முதல் கோட் போட்டதும் மேலெல்லாம் சுருள் கீறல். பன்றிக்குட்டியின் வால் மாதிரி சின்னச் சின்னச் சுருள்கள். மல்லிக்கு ஏச்சு விழுந்தது, அமுக்கிவிட்டான் என்று. அவன் அமுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். கடதாசியைக் கழற்றிப் பார்த்தோம். மெஷினின் தட்டில் எட்டு ஓட்டை இருந்தது. கடதாசியில் ஒரு ஓட்டையும் இல்லை.

அந்த ஓட்டைகள் அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை. மெஷினுக்குள் இருக்கும் சின்ன விசிறி அவை வழியாகத்தான் தூசியை உறிஞ்சிப் பைக்குள் அனுப்புகிறது. ஓட்டையில்லாத கடதாசி கொஞ்சம் விலை குறைவு என்று வாங்கி ஒட்டினால் வழி அடைபட்டுவிடும். தூசி மரத்துக்கும் கடதாசிக்கும் இடையிலேயே உருளும். 80 நம்பரிலிருந்து கழன்ற ஒரு மணல் துகள் 180 நம்பரின் அடியில் மாட்டிக்கொண்டு பலகை முழுக்கச் சுருள் போடும். மீதித் தூசி நாலு பக்கமும் பறக்கும். மேசையைக் கெடுத்ததும் மல்லியின் நெஞ்சைக் கெடுத்ததும் ஒரே தூசி.

நான் இதில் முதல் பாதியைத்தான் மாமாவிடம் சொன்னேன். அடுத்த கிழமை எட்டு ஓட்டைக் கடதாசி வந்தது. பிறகு வேறொரு வேலைக்கு வாங்கிய வெக்யூம் கிளீனரின் குழாயை மெஷினின் தூசி வாயில் ரப்பர் டியூப் சுற்றி மாட்டினார். அதற்கு மென்தூசி பிடிக்கும் ஃபில்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதிவிடும். துணிப்பை மட்டும் இருந்தால் அது பாதி நிறையும்போதே கொட்ட வேண்டும். நம்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பலகையை வெக்யூமால் துடைப்பது இப்போது அங்கே வழக்கமாகிவிட்டது. சுருள் கீறல் போய்விட்டது. மாமாவுக்கு அது போதும். மல்லியின் இருமல் இதனால்தான் குறைந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், நான் டொக்டர் இல்லை. ஆனால் ஜன்னல் வெயிலில் மிதப்பது குறைந்திருக்கிறது. வுழூத் தண்ணீரிலும் நிறம் குறைந்துவிட்டதாக மாமாவே சொன்னார்.

மாஸ்க் இன்னும் தகராறுதான். எங்கட பக்கத்து வெக்கையில் என்95 மாஸ்க்கை ஒரு மணிநேரம் போட்டிருப்பது லேசு இல்லை. துணி மாஸ்க்கும் டிஸ்பென்சரி மாஸ்க்கும் மென்தூசிக்குப் போதாது, ஓரத்தால் உள்ளே வந்துவிடும். தாடி வைத்தவர்களுக்கு என்95 கூட முகத்தோடு சரியாக ஒட்டாது. ஆகவே எங்களைப் போன்ற பட்டறைகளில் தூசியை மூக்குக்கு வருமுன் மெஷினிலேயே பிடிப்பதுதான் முதல் வேலை, மாஸ்க் அதற்கு அடுத்தது. வெளியே மர நிழலில் காற்று ஒரு பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று தேய்த்தால் இன்னும் நல்லது. உள்ளே என்றால் ஃபேன் உங்களைத் தாண்டித் திறந்த கதவுப் பக்கம் ஊத வேண்டும். உடுப்பில் படிந்ததைக் கொம்பிரசர் காற்றால் ஊதித் தட்டாதீர்கள், உறிஞ்சி எடுங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் வெக்கைக்கு ஒன்றும் செய்யாது, அவற்றைப் போடாததற்குச் சாட்டு இல்லை.

கரண்ட் விஷயத்தில் நம் நாட்டுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. பல சேண்டர்களின் ஸ்விட்ச் தள்ளிவிட்டால் அப்படியே நிற்கும் வகை. வேலை நடுவில் கரண்ட் போகும். மெஷினை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். கரண்ட் திரும்பி வந்ததும் ஆளில்லாமல் அது தானாக ஓடும், மேசையிலிருந்து குதிக்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் வெட்டிய காலத்தில் இது எத்தனை பட்டறையில் நடந்திருக்கும்! கரண்ட் போனால் முதல் வேலை ஸ்விட்ச்சை மூடுவது, அடுத்தது ப்ளக்கைக் கழற்றுவது. கடதாசி மாற்றும்போதும் அப்படித்தான். வயரைத் தோளுக்கு மேலால் போட்டுக்கொள்ளுங்கள், தட்டுக்கு அடியில் வராது. ட்ரிப் ஸ்விட்ச்சில் இருக்கும் சின்ன ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பெட்டி.

பழைய கதவு, ஜன்னல் தேய்க்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கட்டாய எல்லை வந்ததே 2013 இல்தான். அதற்கு முந்திய பெயின்ட்டை மெஷினால் உலரத் தேய்த்தால் ஈயத்தூசி வீடு முழுக்கப் பரவும், தரையில் தவழும் குழந்தையின் வாய்க்குத்தான் முதலில் போகும். அதைக் கையால், ஈரமாக்கித்தான் எடுக்க வேண்டும்.

தொழிற்சாலைகளில் தூசியை அகற்றுவது பற்றி நம் நாட்டில் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. ஆனால் ஏ-6 வீதியோரத் தகரக் கூரைப் பட்டறைக்குள் சட்டப் புத்தகத்தோடு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அங்கே வருவது நாங்கள்தான். ஓ.எல். எழுதிவிட்டு, ஏ.எல். எழுதிவிட்டு, அல்லது இரண்டும் எழுதாமல் எங்கள் தம்பிமாரும் மச்சான்மாரும் வருகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் அப்படி வேலைக்குப் போனால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே இன்னும் மூன்றைக் கேட்டுவையுங்கள். அங்கே ஓட்டையுள்ள கடதாசியா வாங்குகிறார்கள்? தூசி எங்கே போகிறது? இரவில் இருமுகிறாயா?